சந்தையில் பதினேழு பேர்

பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். கொண்டக்டர் அந்தக் கணக்கைச் சென்றியில், சோதனைச் சாவடியில், நின்ற ஆமிக்காரனிடம் ஒப்புவிக்க முன்பே மார்க்கண்டு எண்ணி முடித்திருந்தார். இன்றைக்கு ஒன்றையும் எண்ணக் கூடாது, தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களைப்போல நடந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் படியில் கால் வைத்தார். ஆனால் அவருடைய கண் அவரைக் கேட்டு எண்ணுவதில்லை. கோரைமோட்டைத் துறையில், கடலேரியைக் கடக்கிற பாதையில், இருபத்திரண்டு வருடம் தலை எண்ணிய கண் அது. இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை. அதைத்தான் ஊரில் பாதை என்பார்கள். முப்பது பேருக்கு மேல் ஏற்றினால் ஒரு பக்கம் தாழும். முப்பத்தோராவது ஆள் ஊர் அதிகாரி விதானையாராக இருந்தாலும், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையாக இருந்தாலும், மார்க்கண்டு கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். வாய் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டார், கூச்சம், கைதான் சொல்லும். மார்க்கண்டர் எண்ணினால் பிழைக்காது என்று ஊர் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரைப் பிரசைகள் குழுவில் இருத்தி, செத்தவர்களையும் காயப்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் எழுதுங்கள் என்று கொப்பியைக் கொடுத்ததும் அந்தப் பேச்சினால்தான். அந்தப் பேச்சே வராமல் இருந்திருக்கலாம். ஒருநாளாவது முப்பத்தோராவது ஆளை ஏற்றியிருக்கலாம்.

சென்றியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நடுவே இடுப்பளவு உயரத்துக்கு முள்ளுக்கம்பி. இருநூறு யார் தூரம் அப்படி நடந்து, கடைசியில் மேசைக்கு முன்னால் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் வெறுமையாக வந்து நிற்கிற பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். இறங்கிய கணக்கும் ஏறிய கணக்கும் ஒத்துவர வேண்டும். காலை எட்டு மணி வெயில்தான், ஆனாலும் மண்மூட்டைகளிலிருந்து ஒரு புழுங்கிய சாக்கு மணம் வந்தது. துறையில் நனைந்த கயிறு வெயிலில் காயும்போது வருமே, அந்த மணம். மார்க்கண்டு ஆண்கள் வரிசையில் நின்றார். கக்கத்தில் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்துக்குள் இரண்டு தாள். ஒவ்வொரு மாதமும் இரண்டு தாளைப் பென்சிலால் எழுதி ரவுணில் தேவாலயத்துச் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். பத்து மணிக்கு வெள்ளை வாகனத்தில் வருகிற வெளிநாட்டு ஆட்கள் சுவாமியிடம் அதை வாங்கிப் போவார்கள். தாளில் ஒரு இலக்கம்கூட இல்லை. எல்லாம் எழுத்தில். சந்தையில் செத்தவர்கள் பதினேழு, காணாமல் போனவர்கள் நாற்பத்தொன்று, செத்தவர்கள் எல்லாமாக இருநூற்றுப் பன்னிரண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாத ஆமிக்காரனுக்கும் இலக்கம் தெரியும் என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்த வழி. பதினான்கு மாதமாக அந்த இரண்டு தாளுக்காகத்தான் பயந்தார். இன்றைக்கு அதற்காக இல்லை. இன்றைக்குத் தாள் சும்மா தாள். இன்றைக்குப் பயம் கம்பிக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், ஏழாவது ஆளாகவும் எட்டாவது ஆளாகவும் நின்றது.

அன்னப்பிள்ளை ஏழாவது. அவளுடைய மகள் வனிதா எட்டாவது. அன்னப்பிள்ளை ஒவ்வொரு புதன்கிழமையும் இதே பஸ்ஸில்தான் ரவுணுக்கு வருகிறாள். மகன் புவனேந்திரனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆமிக் காம்ப் காம்பாகப் போய்க் கேட்கிறாள். நான்கு மாதம். தாளில் மூன்றாவது நிரலில், காணாமல் போனவர்கள் என்பதற்குக் கீழே, இருபத்தொன்பதாவது பெயர் அவன். ஆனால் அவள் தனியாகத்தான் வருவாள். இன்றைக்கு ஏன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்? பத்தொன்பது வயதுப் பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, நல்ல சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற பிள்ளைபோல. பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் கதைத்துவிடும். நேற்றுப் பின்னேரத்திலிருந்து மார்க்கண்டுக்குத் தன் கண்ணில் நம்பிக்கை இல்லை. அது பார்த்துவிட்டதை முகத்தில் எழுதி ஒட்டிவிட்டது போல, எதிரில் வருகிற ஒவ்வொருவரும் வாசிப்பது போல.

நேற்றுப் பின்னேரம் போயிருக்கக் கூடாது. ஒரு வெற்றிடத்துக்காகப் போனார். தாள் முழுவதிலும் ஒரே ஒரு வெற்றிடம்தான் இருந்தது: மாசி மாதத்துச் சந்தைக் கணக்கில் பதினோராவது பெயர், கமலநாதன், வயது என்ற இடம். தாய் சிவகொழுந்திடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மண்ணில் கிடந்து புரள்கிறவளிடம் குனிந்து, பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்க நாக்கு எழவில்லை. அதன் பிறகு நான்கு மாதம், ஒவ்வொரு முறை தாளைப் பிரதி பண்ணும்போதும் அந்த இடம் விழுந்த பல்லின் இடம்போல நாக்கில் தட்டுப்பட்டது. நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனார். படலையில் நின்று கூப்பிட்டார். அவருடைய குரல் படலையைத் தாண்டவில்லை. அது எப்போதும் அப்படித்தான். பின்பக்கமாகப் போனார். குசினி வாசலில் சிவகொழுந்து நின்றாள், உள்ளே நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு ஒருவன் சோறு தின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். வாய்க்குள் சோறு. தாடி வளர்ந்திருந்தது, ஆனாலும் தெரிந்தது. பதினோராவது ஆள்.

அடுப்பில் புளி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மார்க்கண்டுக்கு அந்த நேரம் என்ன கேட்க வேண்டுமோ அது வரவில்லை. எப்படி வந்தாய், எங்கே இருந்தாய், ஒன்றும் வரவில்லை. "சட்டை?" என்று கேட்டார். அதுதான் வந்தது. கமலநாதன் சோற்றை விழுங்கினான். "அன்னப்பிள்ளை மாமியின்ரை புவிக்குக் குடுத்தனான் மாமா. அட்டைக்குப் படம் எடுக்கப் போறன், வெள்ளைச் சட்டை வேணும் எண்டு முதல்நாள் வந்து கேட்டவன்." பிறகு சிவகொழுந்து வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணை, நீங்கள் ஒண்டையும் காணேல்லை. என்ரை பிள்ளை செத்துப்போனான். நீங்கள்தான் எழுதினனீங்கள். எழுதினது எழுதினபடி கிடக்கட்டும்." அவள் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. அரிசி அளந்து போடுகிறவள்போலச் சொன்னாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அவனை ஆமிக்காரர் இரண்டு தரம் பிடித்துக்கொண்டுபோய், சனிக்கிழமை தோறும் வந்து கையெழுத்துப் போடு என்று விட்டிருந்தார்கள். மூன்றாம் தரம் பிடிபட்டவன் திரும்பி வந்ததாகத் தாளில் ஒரு பெயரும் இல்லை. சந்தையில் ஷெல் விழுந்த அந்த மாசிச் சனிக்கிழமை விடியமுன்பே அவன் கையெழுத்துக்குப் போகாமல் கடலேரியைக் கடந்து ஓடிவிட்டான். மூன்றாம் நாள் தேடி வந்தவர்கள், மாலை போட்ட படத்தையும் குத்துவிளக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. மார்க்கண்டின் தாள்தான் அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிழையான தாள்.

"மார்க்கண்டர், நடவுங்கோ. உங்களுக்கு முன்னாலை பஸ்ஸே போகலாம் போலை கிடக்கு," என்றார் பின்னால் நின்ற சுருட்டுக் கொட்டில் செல்லத்துரை. மார்க்கண்டு ஐந்தாறு அடி முன்னே போனார். பெண்கள் வரிசை மெதுவாகத்தான் நகரும்; பை பார்க்க ஒரே ஒரு பெண் சிப்பாய்தான். அதனால் ஆண்கள் நகர நகர, அவர் அன்னப்பிள்ளையை நெருங்கிக்கொண்டிருந்தார். தானாக நடக்காமல் வரிசை அவரைக் கொண்டுபோனது. மேலே மண்மூட்டைக்கு மேல் துவக்கோடு நின்றவன் கொட்டாவி விட்டான். சின்னப் பெடியன், மீசை அரும்பவில்லை. ஐப்பசி மாதத்துக் கண்ணிவெடியில் செத்த ஒன்பது ஆமிக்காரரையும் மார்க்கண்டு செத்தவர்களுக்கான அதே முதல் நிரலில்தான் எழுதினார். அதற்கு இயக்கத்துப் பெடியள் இரண்டுபேர் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "பெரியவர், அவங்களையும் ஆக்கள் எண்டு எண்ணுறியளோ?" "பாதையிலை ஏறினால் எல்லாம் ஒரு தலைதானே தம்பி," என்று சொன்னார். எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது. துணிவுகூட இல்லை, வேறு விதமாக எண்ணத் தெரியாது. அவ்வளவுதான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு மாதம் அவரோடு படுத்து எழும்பியது.

இரண்டு பேர் கண்டதாகச் சொன்னால்தான் எழுதுவார். அதுதான் அவருடைய முறை. ஒருவர் சொன்னால் பென்சிலைத் தொடமாட்டார். சந்தையில் ஷெல் விழுந்தது ஒன்பதரை மணிக்கு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதவில்லை, அது கண்ணால் காணாதது. மீன் விற்ற பெண்களின் பாய்களை விரித்து அதில்தான் வரிசையாகக் கிடத்தினார்கள். மார்க்கண்டு நான்கு தரம் எண்ணினார். முதல் தரம் பதினாறு, பிறகு பதினேழு, பதினேழு, பதினேழு. பதினோராவது பாயில் கிடந்தவனுக்கு முகம் இல்லை. வெள்ளைச் சட்டை. ஊருக்கு உடுப்பு வெளுக்கிற கட்டாடியார் வந்து குனிந்து, கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கத்தில் சேங்கொட்டை மையால் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. ஒரு வீட்டு உடுப்பு இன்னொரு வீட்டுக்கு மாறிப் போகாமல் இருக்க அவர் வீட்டுக்கு வீடு போடுகிற குறி. "என்ரை கையாலை போட்ட குறி. சிவகொழுந்தம்மா வீடு," என்றார். சிவகொழுந்தைக் கூட்டி வந்தார்கள். அவளும் சட்டையைப் பார்த்தாள், விழுந்தாள். இரண்டு பேர். முறை சரி. மார்க்கண்டு எழுதினார். அன்று பின்னேரமே, திரும்ப ஷெல் வருமென்ற பயத்தில், பதினேழு பேரையும் ஒரே சுடலையில் எரித்துவிட்டார்கள். இரண்டு பேரும் கண்டது சட்டையைத்தான், ஆளை ஒருவரும் காணவில்லை என்பது நான்கு மாதம் அவருக்குத் தெரியவில்லை. முறையை வைத்த மனிதனுக்கே தெரியவில்லை. கூட்டுத்தொகை சரியாக இருந்தது. அதுதான் கொடுமை. பதினேழு பதினேழுதான். ஒரு தலையும் கூடவில்லை, குறையவில்லை. பெயர்தான் மாறிக் கிடந்தது. படம் எடுக்க ரவுணுக்குப் போன புவனேந்திரன் ஏன் சந்தையில் இறங்கினான்? சீப்பு வாங்கவோ, யாரையும் பார்க்கவோ, தெரியாது. தாய்க்கு அவன் சந்தைக்குப் போகவே இல்லை. தாய்க்கு அவன் இந்தச் சென்றியில் பிடிபட்டவன்.

"அண்ணையும் ரவுணுக்கோ?" கம்பிக்கு அந்தப் பக்கம் அன்னப்பிள்ளையின் முகம். வந்துவிட்டது. மார்க்கண்டு தன் செருப்பைப் பார்த்தார். "ஓம்." "சுவாமியட்டையோ?" "ஓம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் அதில் ஒரு சந்தோசம் இருந்தது. நான்கு மாதத்தில் அவர் அதில் கேளாத சந்தோசம். "அண்ணை, புவி இருக்கிறானாம். பழைய ஓட்டாலைக் காம்பிலையாம். ஒரு ஆள் வந்து சொன்னவர்." "ஆர்?" "பேர் சொல்லவேண்டாம் எண்டவர். கூடப்பிறந்த பொம்பிளைப் பிள்ளை வந்து அடையாளம் காட்டினால் விடுவினமாம். தாய் தேப்பன் பொய் சொல்லுங்களாம், சகோதரம் சொல்லாதாம். என்னை வாசலிலை நிக்கச் சொன்னவர். இண்டைக்குப் பத்தரைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

ஓட்டாலை, முந்தி ஓடு சுட்ட ஆலை. மூன்றாவது நிரலில் முப்பத்து மூன்றாவது பெயரும் முப்பத்து நான்காவது பெயரும் அங்கேதான் முடிந்தன. இரண்டும் பெண்பிள்ளைகள். ஒன்று தமையனுக்குச் சாப்பாடு கொண்டு போனது. மற்றது அதற்குத் துணைக்குப் போனது. அன்னப்பிள்ளைக்கு அது தெரியாதா? கோரைமோட்டையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எண்ணெய் வைத்துப் பின்னிக் கூட்டிக்கொண்டு போகிறாள். விடிகிறவரை குந்தியிருந்து யோசித்திருப்பாள், ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறதா என்று. இல்லை, அப்படி யோசித்திருக்க மாட்டாள், இரண்டும் கிடைக்கும் என்றுதான் யோசித்திருப்பாள். வனிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நீங்கள் என்ன சொல்லுறியள்? போகட்டோ?" கைகள் இரண்டையும் பைக்குள் விட்டு வைத்திருந்தாள். நடுங்குவது தெரியாமல் இருக்க. அது மார்க்கண்டுக்குத் தெரியும், அவரும் பாதையில் அப்படித்தான் வைத்திருப்பார். அவர் வாயைத் திறந்தார். "கதைக்க வேணாம். நேரா போ," என்றான் மேலே நின்றவன். ஆண்கள் வரிசை நகர்ந்தது. செல்லத்துரை முதுகில் மெல்லத் தட்டினார். மார்க்கண்டு அவர்களைக் கடந்து முன்னே போய்விட்டார்.

நாலு அடி. ஏழு அடி. அப்படியே போய்விடலாம். தாளைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அடுத்த மாதம் மூன்றாவது நிரலில் ஒரு பெயர் கூடும், வனிதா, பத்தொன்பது. வயது என்ற இடம் வெற்றிடமாக இராது. சொல்லிவிடலாம். எதைச் சொல்வது? சட்டையைச் சொன்னால் அன்னப்பிள்ளை கேட்பாள், சட்டை கொடுத்தது யார், உங்களுக்கு எப்படித் தெரியும், அவன்தானே செத்துப்போனான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? சிவகொழுந்தின் முற்றத்தில் போய் நின்று மண்ணள்ளித் தூற்றுவாள். அவளுக்கு அதற்கு நியாயம் இருக்கிறது. நான்கு மாதம் உன் பிள்ளையின் சட்டைக்குள் என் பிள்ளை எரிந்தான் என்று கத்துவாள். பொழுதுபட முன்பு ஊருக்குத் தெரியும், விடிய முன்பு காம்புக்குத் தெரியும். கமலநாதன் சோற்றை விழுங்கிய விதம் கண்ணில் வந்தது. ஒரு கவளம் தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது. அவனுடைய வயதை நேற்றும் கேட்காமல் வந்துவிட்டார். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் பைக்குள் கையை விட்டபடி நிற்கிற பெண். முப்பதுதான் ஏறலாம். முப்பத்தோராவது ஆளுக்குக் கையை நீட்டவேண்டும். எவருக்கு? பாதையில் அது லேசு. கடைசியாக வந்தவருக்கு நீட்டினால் போதும், அவர் கரையில் நின்று ஏசுவார், அடுத்த முறை ஏறுவார். இங்கே கரை இல்லை. அவர் செருப்பு வாரைச் சரிபண்ணுகிறவர்போலக் குந்தினார். செல்லத்துரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். பெண்கள் வரிசை மெல்ல மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தது. அன்னப்பிள்ளையின் கால், வெடித்த குதிக்கால், கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அன்னம்," என்றார். குந்தியபடியே, காலைப் பார்த்தபடியே. "போகாதை. பிள்ளையைக் கொண்டு போகாதை."

"ஏன் அண்ணை?"

"சந்தையிலை பதினேழு இல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதுதான். நான்கு மாதத்துக்கு முந்திய எண் ஒன்றை ஒருவர் குந்தியிருந்து சொன்னால் யாருக்கு விளங்கும். "பதினெட்டு," என்றார். சொன்னதும் நெஞ்சுக்குள் என்னவோ ஒரு பக்கம் தாழ்ந்தது. "ஒண்டை நான் எழுதேல்லை."

வனிதாவுக்கு முதலில் விளங்கிவிட்டது. அவள் தாயின் முழங்கையைப் பிடித்தாள். அன்னப்பிள்ளை கம்பியைப் பிடித்தாள். முள் இருக்கிற இடத்தில் பிடித்தாள், கையை எடுக்கவில்லை.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"புவியையோ?"

"ஓம்."

"முகம் இருந்ததோ அண்ணை?"

மார்க்கண்டு அதை எதிர்பார்க்கவில்லை. பொய்யைச் சொல்லத் தொடங்கியபோது இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. "இருந்தது," என்றார். "நித்திரை கொள்ளுற மாதிரி." வாழ்நாளில் ஒரு தலையைக் கூட்டிச் சொல்லாத வாய், முகம் இல்லாதவனுக்கு முகத்தையும் கொடுத்தது.

"எங்கை எரிச்சது?"

"எல்லாரோடையும்தான்." அது ஒன்று மட்டும் உண்மை. அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

"ஏன் எழுதேல்லை? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயத்திலை," என்றார் மார்க்கண்டு. "அவன் அட்டை இல்லாமல் நிண்டவன். எழுதினால் ஏதும் பிரச்சினை வருமோ எண்டு பயந்துபோனன்." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மனிதன் பொய் சொல்வானா என்று பார்க்கிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் அப்படிப் பார்க்கவில்லை. அட்டையைப் பற்றி அவர் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ, பயம் என்ற சொல்லோடேயே அவள் நம்பிவிட்டாள். சந்தையில் ஒரு சாமான் விலை கேட்கக் கூசுகிற மனிதன், துவக்கைக் கண்டால் மூத்திரம் போகிற மனிதன், பயத்தில் ஒரு பிணத்தை விட்டிருப்பான், விடக்கூடியவன்தான். ஊர் நம்பிய கணக்கை அவள் ஒரு நொடியில் கைவிட்டாள், அவருடைய கோழைத்தனத்தைக் கைவிட அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

"நாலு மாசம்," என்றாள். சத்தம் போடவில்லை. "மாசத்துக்கு மாசம் உந்த பஸ்ஸிலை எனக்கு இடம் விட்டு எழும்பினனீங்கள். என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு எழும்பினனீங்கள்." பிறகு அவள் அவரை அண்ணை என்று சொல்லவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். இருவரும் வரிசைக்கு எதிராக நடந்தார்கள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒரு கிழவி, "என்ன பிள்ளை, அட்டையை விட்டிட்டு வந்திட்டியோ?" என்று கேட்டாள். அன்னப்பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் அழுகை சந்தி தாண்டுகிறவரைக்கும் வரவில்லை, அல்லது வந்தது இங்கே கேட்கவில்லை. வனிதா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பைக்குள் இருந்த கை வெளியே வந்திருந்தது. மார்க்கண்டு எழும்ப முயன்றார். கம்பித் தூணைப் பிடித்துத்தான் எழும்ப முடிந்தது.

மேசையில் இருந்தவன் பஞ்சாங்கத்தை வாங்கி விரித்தான். தாளைத் தூக்கினான், பிடித்தான், எழுத்தைப் பார்த்தான், கீழே வைத்தான். "இண்டைக்கு நல்ல நாளா?" என்று கேட்டான், கொச்சைத் தமிழில், பகிடியாக. "தெரியாது ஐயா," என்றார். எங்கே என்று தெரியாமல் ஒரு கால் வைத்து அடுத்த கால் வைத்து பஸ் வரைக்கும் போனார். ஏறிய பிறகு கொண்டக்டர் எண்ணினார். திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்று. ஆமிக்காரன் படியில் ஏறி நின்றான். "நாப்பத்தி மூணு சொன்னது. ரெண்டு எங்க?" கொண்டக்டருக்கு முகம் வெளுத்தது. எல்லோரும் கண்டிருந்தார்கள், ஆனால் கண்டது வேறு, சொல்வது வேறு. துவக்கின் வாய் பஸ்ஸுக்குள் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பியது. மார்க்கண்டு எழுந்து நின்றார். பஸ்ஸில் இவ்வளவு பேர் முன்னால் எழுந்து நின்று அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. "தாயும் பிள்ளையும் திரும்பிப் போட்டினம் ஐயா. அவையின்ரை வீட்டிலை செத்தவீடு."

"எப்ப செத்தது?"

"இப்பதான்," என்றார்.

ஆமிக்காரனுக்கு என்ன விளங்கியதோ, கொப்பியில் நாற்பத்து மூன்றை வெட்டி நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு இறங்கினான். அவனுக்கு அவ்வளவு லேசாக இருந்தது. பஸ் புறப்பட்டது.

யன்னல் பக்கம் ஒதுங்கி, பஞ்சாங்கத்தை மடியில் வைத்து, மார்க்கண்டு பென்சிலை எடுத்தார். பதினேழு என்ற சொல்லை அழித்துப் பதினெட்டு என்று எழுதினார். பஸ் ஆட்டத்தில் எழுத்துக் கோணியது. காணாமல் போனவர்கள் நாற்பத்தொன்றை நாற்பது ஆக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டை இருநூற்றுப் பதின்மூன்று ஆக்கினார். சுவாமி கேட்பார். கேட்காமல் விடமாட்டார், நான்கு மாதம் கழித்து ஏன் ஒன்று கூடியது, கண்டவர் யார் என்று. நான் என்று சொல்லலாம். இரண்டாவது ஆள் யார் என்பார். வெள்ளை வாகனத்து ஆட்கள் ஒன்று பிழை என்றால் இருநூற்றுப் பன்னிரண்டும் பிழை என்பார்கள். அப்படிச் சொல்ல எங்கேயோ ஒருவன் காத்துக்கொண்டிருப்பான். யாராவது சந்தையில் நின்ற ஒருவன், கட்டாடியார், மீன்காரி, இல்லையே, நாங்கள் பதினேழுக்குத்தானே விறகு அடுக்கினோம் என்பான். அதனால் எல்லாவற்றையும் சரியாக யோசித்து வைத்திருக்க வேண்டும். பதினெட்டாவது ஆள் எங்கே கிடந்தான் என்று யாரும் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். மார்க்கண்டு கண்ணை மூடிச் சந்தைக்குள் போனார். புளிய மரத்தடியிலிருந்து வரிசை தொடங்குகிறது. ஒன்று, மரக்கறிக்காரர் வினாசித்தம்பி. இரண்டு, அவருடைய மனைவி. பதினொன்று வெள்ளைச் சட்டை. அங்கே கொஞ்சம் நின்று, மனதுக்குள் புவனேந்திரன் என்று சொல்லி, தாண்டினார். பதினேழு, ஒரு சின்னப்பிள்ளை. அதற்கு அப்பால் மீன்காரிகளின் கல் மேடைவரைக்கும் ஈர மண். அங்கே ஒரு பாயை விரித்தார். விரிப்பது சுலபமாக இருந்தது. பாய் இருந்தால் அதில் ஆள் வேண்டும். முகம் உள்ள ஆள், நித்திரை கொள்ளுகிற மாதிரி. அவர் தேடினார், புவனேந்திரனைத் தூக்கிவர முடியாது, அவன் பதினோராவது பாயில் இருக்கிறான். உயிரோடு இருக்கிற வேறு யாரையும் அவர் தாளில் சாகவைக்கவில்லை. ஒரே ஒரு முகம்தான் மிச்சமாக வந்தது, வாய்க்குள் சோற்றோடு, தாடியோடு, நிமிர்ந்து பார்த்தபடி. மார்க்கண்டு கண்ணைத் திறந்துகொண்டார். பஸ் ரவுணுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கண் மூடாமலே எண்ணிப் பார்த்தார், மரத்தடியிலிருந்து மேடைவரைக்கும், இரண்டு தரம், மூன்று தரம், நான்காம் தரம். பதினெட்டு. பாயைப் போட்டாகிவிட்டது. படுக்க வேண்டியவன் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.